மேஸ்திரிக்கு உறுதிபூசுதல்

மே 14, 1968, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். காற்று துளியும் இல்லை. காலையில் சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டியதில் ஜாடிக் கம்பெனிக்குக் கால் மணி லேட்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் ஆறாது.

இரண்டாம் சூளை ஆற இன்னும் ஒரு நாள் இருந்தது. மெட்ராஸ் லாரி வந்து நிற்கிறது என்று மரியசூசை மேஸ்திரிக்கு அவசரம். "சூளை வாசல அடைச்ச கல்லை எடுடா சவரி, ஒண்ணும் ஆவாது" என்றார். எடுத்தேன். வெளிக்காற்று உள்ளே போனதும் ஜாடிகள் ஒவ்வொன்றாக விரிசல் விடும் சத்தம். பாதிக்கு மேல் போச்சு. மானேஜர் ஓடி வந்து யார் திறந்தது என்று கேட்டார். மேஸ்திரி என் பக்கம் திரும்பி ஒரு அறை. இடது கன்னம். "ஆறட்டும் ஆறட்டும்னு அடிச்சிக்கிட்டனே, கேட்டியாடா?"

சுற்றிப் பன்னிரண்டு பேர். அதில் பாக்கிங் பெண்கள் ஐந்து.

வீட்டில் லூர்து கன்னத்தைப் பார்த்துக் கேட்டாள். சுவரில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

"சுவத்துக்கு அஞ்சு வெரலா?" என்றாள் என் பெண்டாட்டி.

மே 15, புதன்

ரேஷனில் சர்க்கரை இல்லை. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

வேலைக்குப் போனேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஸ்திரி மட்டும் எப்போதும் போல, "சவரி, கரி தள்ளு" என்றான்.

இனி ம.சூ. என்றுதான் எழுதுவேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை. மரியாதையும் கிடையாது, இந்த நோட்டில்.

செய்யக்கூடியவை:
1. மானேஜரிடம் உண்மையைச் சொல்வது. நம்பமாட்டார்.
2. வேலையை விட்டு நிற்பது. அவனுக்குத்தான் வசதி.
3. திருப்பி அடிப்பது. ஐம்பது வயசு ஆள். ஊர் என்னைத்தான் ஏசும்.
4.

நாலு என்று நம்பர் போட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தேன்.

மே 16, வியாழன்

சர்க்கரை வந்தது. சாயங்காலம் கோயிலுக்குப் போனேன், ஜெபம் செய்ய அல்ல, வீட்டில் இருக்க முடியாமல்.

26ஆம் தேதி மேற்றிராணியார், எங்கள் பிஷப் ஆண்டவர், வருகிறார். உறுதிபூசுதல். பிள்ளைகளை உட்காரவைத்துப் பங்கு சாமியார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத்தில் பிறந்தீங்க, உறுதிபூசுதல்ல வளர்ந்த ஆளாவுறீங்க. பரிசுத்த ஆவி ஏழு வரம் தருவார். ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். ஆண்டவர் நெற்றியில் தைலத்தால் சிலுவை போடுவார். பிறகு கன்னத்தில் தட்டுவார்.

"எதுக்கு சாமி அடிக்கிறாரு?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அடி இல்லடா. சேசுவுக்காக அவமானம் வந்தா தாங்கிக்கணும்னு ஞாபகப்படுத்துறாரு."

எனக்குப் பதினோரு வயசில் பூசினார்கள். அந்தத் திடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாங்கவில்லையே.

ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் தோளில் கை வைத்து ஞானத்தகப்பனாக நிற்கப்போவது யார்? ம.சூ. இதுவரை ரயில்வே கார்டு ஒருவர் நிற்பார். அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அதனால் இந்த வருஷம் இவன். டைலரிடம் பட்டு ஜிப்பா கொடுத்திருக்கிறானாம். அந்தக் கை. முப்பத்தொரு பிள்ளைகள் தோளில் அந்தக் கை.

மே 17, வெள்ளி

லூர்துவின் சித்தப்பா சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்தார். ஒரு கூடை மாங்காய். ம.சூ.வுக்கும் அதே ஊர்தான். ஞானத்தகப்பன் சமாசாரத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அவனா? அவனுக்கே பூசலியே. மேற்றிராணியார் எங்க ஊருக்கு வந்தப்ப அவனுக்கு அம்மை வாத்திருந்துச்சு. வூட்ட வுட்டு வெளிய வுடல. அப்புறம் பொழைக்கப் போனவன், எங்க பூசிக்கிட்டான்?"

சோறு அப்படியே இருந்தது. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார்.

உறுதிபூசுதல் பெறாதவன் ஞானத்தகப்பனாக நிற்கக் கூடாது. திருச்சபைச் சட்டம். எனக்கே தெரியும்.

நாலாம் நம்பர் கிடைத்தது.

மே 19, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து ம.சூ.வின் ஊருக்குப் பஸ் ஏறினேன். வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். லூர்துவிடம் சித்தப்பாவுக்குக் கூடையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். கூடையை மறந்துவிட்டுப் போனேன்.

அந்த ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் நல்ல மனுஷர். கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து நூல் கட்டியிருந்தார். கோயில் பதிவுப் புஸ்தகத்தைப் புரட்டி ம.சூ.வின் ஞானஸ்நானத்தைக் காட்டினார். பக்கத்தில் உறுதிபூசுதலுக்கு ஒரு கட்டம். மேலேயும் கீழேயும் இருந்த பேர்களுக்குத் தேதி இருந்தது. இவன் கட்டம் வெறுமை. வேறு ஊரில் பூசியிருந்தால் இங்கே எழுதி அனுப்பியிருப்பார்கள் என்றார்.

"என்னா விஷயமா கேக்கறீங்க?"

"கல்யாண விஷயம்" என்றேன். பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

மே 20, திங்கள்

வேலை முடிந்ததும் நேராகச் சாமியாரிடம். எல்லாம் சொன்னேன். அறை வாங்கியதைத் தவிர.

அவர் பேனாவை மூடி வைத்தார். "சர்வேசுரன் வூட்டுக் காரியம் ஒழுங்கா நடக்கணும்னு வந்தியா, மேஸ்திரிய எறக்கணும்னு வந்தியா?"

"சட்டம் அப்படித்தானே சாமி?"

"சட்டம் சரிதான். நான் உன்னைக் கேட்டேன்."

கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கடையில் ஒரு சோடா குடித்தேன். நன்றாக இருந்தது.

மே 21, செவ்வாய்

சாயங்காலம் ம.சூ. வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் நின்று, "சவரி, வூட்ல இருக்கியா?" லூர்து முக்காலி போட்டாள். உட்காரவில்லை.

"சாமிகிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமாங்க மேஸ்திரி."

"எல்லாரும் பூசியாச்சான்னு கேப்பாங்க, ஆச்சுன்னு சொல்லிடுவேன். முப்பத்தஞ்சு வருசமா சொல்லிச் சொல்லி எனக்கே ஆச்சுன்னு ஆயிடுச்சு." தெருப்பக்கம் திரும்பினான். "பசங்களோட நானும் வரிசையில முட்டி போடணுமாம். கம்பெனில எவன்டா என்னை மதிப்பான்?"

"பன்னெண்டு பேர் முன்னாடி அடி வாங்கினவன எவன் மதிக்கிறான் மேஸ்திரி?"

போய்விட்டான். செருப்புச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

லூர்து மோர் கொண்டுவந்தவள் தம்ளரோடு நின்றாள். "அன்னிக்கு அடிச்சது அவருதானா" என்றாள். மோரை நானே குடித்தேன்.

மே 23, வியாழன்

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஆண் பிள்ளைகளுக்கு ஸ்கூல் வாத்தியார் நிற்பார். ம.சூ. வரிசையில் கடைசி. அவனுக்கு ஞானத்தகப்பன்?

"நீ நில்லு" என்றார்.

"நானா சாமி?"

"கண்டுபிடிச்சவன் நீதானே? முடிச்சும் வை. நின்னா அவர் விசுவாசத்துக்கு நீ பொறுப்பு. சாவுற வரைக்கும். யோசிச்சிச் சொல்லு."

யோசிக்கவில்லை. உடனே சரி என்றேன். ஊரே பார்க்க அவன் முட்டி போட்டிருப்பான், நான் நின்றுகொண்டு தோளில் கை வைப்பேன், ஆண்டவர் அவன் கன்னத்தில் கொடுப்பார். நானே கேட்டிருந்தால்கூட இப்படி வாய்த்திருக்காது.

மே 25, சனி

வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டு வெளுத்தாள் லூர்து. கோயிலில் தோரணம் கட்டினேன். வாழைமரம் இரண்டு.

பாவசங்கீர்த்தனம். உபதேசியாரிடம் சொன்ன பொய். பிறகு, கன்னத்தில் வாங்கியதையும் சொன்னேன். மன்னித்தாயா என்றார். இல்லை என்றேன். மன்னிக்க ஆசையாவது இருக்கிறதா என்றார். ஆசை வர வேண்டும் என்று ஆசை இருக்கிறது சாமி என்றேன். அதுவும் முழுசாக உண்மை இல்லை.

பாவமன்னிப்பு கொடுத்தார். கடைசியில் மெதுவாக, "நாளைக்குக் கையை வெச்சா போதும். அழுத்தாதே" என்றார்.

எப்படித் தெரிந்தது அவருக்கு?

மே 26, ஞாயிறு

ஆண்டவர் எட்டு மணிக்கு வந்தார். பேண்டு, வெடி. கோயில் கொள்ளாத கூட்டம், வேர்வை நாற்றம், சாம்பிராணி.

பிள்ளைகள் வரிசை. கையில் ஆளுக்கொரு சீட்டு, உறுதிபூசுதலில் வைத்துக்கொள்ளும் புதுப் பெயர் எழுதி. கடைசியில் ம.சூ. பட்டு ஜிப்பா இல்லை. கம்பெனிக்குப் போடும் வெள்ளைச் சட்டை. முட்டி போட ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது.

கை வைத்தேன். சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. உள்ளே நடுக்கம். அழுத்த நினைத்திருந்தேன். அந்த நடுக்கம் என் முழங்கை வரை ஏறியது, அழுத்த வரவில்லை.

பெயர் என்ன என்று ஆண்டவர் குனிந்தார். சீட்டு இல்லை அவனிடம். "சவரிமுத்து" என்றான்.

என் பெயர். ஞானத்தகப்பன் பெயரை வைத்துக்கொள்வது உண்டுதான். ஆனால் என்னைக் கேட்கவில்லை. கன்னத்தை எடுத்தான், இப்போது பெயரையும்.

நெற்றியில் தைலம். பிறகு அந்தத் தட்டு. இரண்டு விரல் நுனி. ஈ உட்கார்ந்த மாதிரி. "சமாதானம் உன்னோடு இருப்பதாக." அவ்வளவுதான். இதற்கா பன்னிரண்டு நாள்?

அதைவிட மோசம் பிரசங்கம். இந்த வயசில் சின்னப் பிள்ளைகளோடு முட்டி போட்ட பெரியவரைப் பாருங்கள், தாழ்ச்சி என்றால் அதுதான் என்றார் ஆண்டவர். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். வெளியே வந்ததும் அவனைச் சுற்றிக் கூட்டம். ஒரு கிழவி அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாத்தியார் மாலை போட்டார். யார் கை வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இறக்கத்தான் பார்த்தேன், ஏற்றிவிட்டிருக்கிறேன்.

வீட்டில் பிரியாணி. இறங்கவில்லை.

மே 27, திங்கள்

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்தது.

கரி தள்ளிக்கொண்டிருந்தபோது ம.சூ. வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"நேத்து எல்லாரும் புகழ்ந்தாங்க. வேற வழியில்லாமதான் முட்டி போட்டேன்னு உனக்குத் தெரியும்" என்றார். "ராத்திரியெல்லாம் அதான் உறுத்துச்சு. சூளையத் தொறக்கச் சொன்னது நான்தான்டா சவரி."

"எனக்கு எதுக்கு மேஸ்திரி சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? எல்லாரும் இருக்கிறப்ப சொல்லுங்க."

முகம் சுருங்கியது. போய்விட்டார். அவ்வளவுதான் இவன் திடம் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, வெறுக்க இடம் மிச்சம் இருந்ததில்.

டீ நேரத்தில் பாக்கிங் ஷெட்டுக்கு எல்லாரையும் கூப்பிட்டார். மானேஜரையும். "அன்னிக்கி நான்தான் தொறக்கச் சொன்னேன். இவன் மேல தப்பில்ல. அடிச்சதும் தப்பு." மானேஜர், "உள்ள வாய்யா" என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். பதினைந்து நாள் சஸ்பெண்ட். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். ஏறவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

பாக்கிங் பச்சையம்மா டீயை ஊதிக்கொண்டே, "அதான் எங்களுக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்றைக்கே தெரியுமாம். பன்னிரண்டு பேருக்கும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்துப் பேர்களை எழுத ஆரம்பித்தேன். பச்சையம்மா. கோவிந்தன். லாரி கிளீனர். குப்பம்மா. அவள் தங்கச்சி.

லூர்து அரிசி களைந்துகொண்டே என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"மானேஜரு கேட்டப்ப நீங்க சொன்னீங்களா, மேஸ்திரிதான் தொறக்கச் சொன்னாருன்னு?"

சொல்லவில்லை.