மேற்கே வில் பார்த்தவன்

9-10-78
பக்கத்துக் காட்டு அப்புசாமி பொய்ச்சாட்சி சொல்லி என்னைக் கல் திருடனாக்கிவிட்டான். எல்லைக் கல்லை அவன் பக்கம் நாலு முழம் தள்ளி நட்டேனாம். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வேறு. "போன வியாழக்கிழமை சாயங்காலமுங்க. மழை உட்டதும் மேக்கால வானவில்லு. அதுக்கு நேர் கீழ மயிலண்ணன் கடப்பாறையோட நின்னாருங்க."

வரும் வெள்ளியன்று கல்லை நாலு முழம் என் பக்கம் நகர்த்த ஊர்ப்பெரியதனம் சின்னுசாமி உத்தரவு. என் கிணறு கல்லுக்கு மூன்றாம் முழத்தில்.

10-10-78
சாயங்காலம், மேற்கே வில்லா? சூரியனே அங்குதானே இருக்கும்! வெயில் முதுகில் அடிக்க வேண்டும், மழை முகத்துக்கு எதிரே பெய்ய வேண்டும். கடலைக்கு மருந்தடிக்கும்போது இருபது வருடமாகப் பார்க்கிறேன், நிழல் விழும் பக்கம்தான் வண்ணம். எடைக்கு வாங்கிய பௌதிகப் புத்தகமும் அதையே சொல்கிறது: துளிக்குள் நுழைந்த ஒளி வளைந்து, பின்சுவரில் மோதி, நிறம் நிறமாகப் பிரிந்து நம்மிடமே திரும்புகிறது. கற்பூரத்துக்கு இது தெரியாது.

11-10-78
மழை இல்லை. தேவைப்படும்போது அது மாமியார் வீட்டில்.

12-10-78
வீட்டுக்காரி ராமாயி கத்துகிறாள். "கெணறு போவுதுங்கறேன், நீங்க வானத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க. கெணறு அங்கயா இருக்குது?"
இவளுக்கு எப்படிச் சொல்ல — அங்கேதானடி இருக்கிறது!

13-10-78
காலை வெயிலில் கோயில் வாசல். வாய் நிறையத் தண்ணீர் வைத்து, வெயிலுக்கு முதுகு காட்டி ஊதினேன். என் பின்னால் நின்றவர்கள், "அட, வில்லு!" எதிரே உட்கார்ந்திருந்த சின்னுசாமிக்கு வில் தெரியவில்லை, ஈரம்தான் தெரிந்தது. வெற்றிலையைத் துப்ப மறந்திருந்தேன்.
"எம்மேல துப்புறியாப்பா?"
"இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, தெரியும். வெயிலு முதுகுப் பக்கம் இருந்தாத்தானுங்க வில்லு. சாயங்கால வெயிலு மேக்கால, அப்ப வில்லு?"
வந்தார். மறுபடி ஊதினேன். பார்த்தார். அப்புசாமியைத் திரும்பிப் பார்த்தார்.
அவன் உளறினான்: "அப்ப காலையில பாத்ததா இருக்குமுங்க."
சின்னுசாமி எழுந்துவிட்டார்: "காலையிலயா? அன்னைக்குக் காலையில நீயும் நானும் குமாரபாளையம் பஸ்ஸுல இருந்தமேடா!"

14-10-78
ஆக வேண்டியவை. வெள்ளி விடியும்வரை பொறுக்காமல் அப்புசாமி இருட்டிலேயே பிடுங்கிப் போட்ட கல்லைப் பகலில், பழைய குழியிலேயே நட வேண்டும். மண்ணையும் அவனே மிதிக்க வேண்டும். என்னைத் திருடன் என்ற இடத்திலேயே, இல்லை என்று சின்னுசாமி சொல்ல வேண்டும், நின்றுகொண்டு. ராமாயி இனி நான் வானம் பார்த்தால் வாயை மூட வேண்டும் (நடக்காது).
சின்னுசாமியின் வேட்டிக் கறையை நான் துவைக்க வேண்டுமாம். துவைக்கிறேன். என் கிணற்றுத் தண்ணீரில்.