நாலு சுவரிலும் சாமி

ஏலே தம்பி,

பக்கத்து வீட்டுக்காரி பட்டாசு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலையை எடுத்திருக்கிறாள். நேற்றுக் காலையில் அவள் அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டும்போது ஒரு வாசம் வருமே, அது சுவரைத் தாண்டி என் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த நான் என்னையும் மறந்து, "வந்துட்டியாலே? செருப்பை வெளியில கழட்டு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்று உறைத்தது. கழுநீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு எப்போதும் இந்த வரிசையில்தான் வரும்.

உன்மேல் பசை வாசம் அடிக்காமல் நான் பார்த்ததே இல்லை. காலண்டர் கம்பெனியில் பேப்பர் வெட்டுகிற மிஷினில் நின்றவன் நீ. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. ஷிப்டு முடிந்தால் மற்ற ஆம்பளைகள் டீக்கடைக்குப் போவார்கள், நீ என் வீட்டைத் திருத்த வருவாய். எந்தப் பத்திரிகையில் படித்தாயோ, எந்த வீடியோவில் பார்த்தாயோ, "செலவே இல்லக்கா, வீட்டுல இருக்கிறதை வச்சே பண்ணிரலாம்" என்று ஆரம்பிப்பாய். அந்த வாக்கியத்தைக் கேட்டால் என் வீட்டுக்காரர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆட்களைப் பட்டாசு ஆலையில் இறக்கிவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருப்பார், பாவம்.

நல்ல யோசனை ஒன்றும் நீ சொன்னதில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதே, நியூஸ் பேப்பரைக் கசக்கித் துடை என்றாய். இன்றைக்கும் அப்படித்தான் துடைக்கிறேன். பிழிந்த எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுக் குழாயில் தேய்க்கச் சொன்னாய், என் வீட்டுக் குழாயில் முகம் பார்க்கலாம். ஆனால் விருந்தாளிக்கு வாங்கி வைத்திருந்த கருப்புக் கலர் சோடாவைக் கக்கூஸில் ஊற்றிவிட்டு, "அக்கா, ஓடியா, கறை எப்பிடிப் போகுது பாரு" என்று நீ கத்தினபோது, அந்த விருந்தாளி கூடத்தில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். காலண்டர் தலையில் அடிக்கிற தகரப் பட்டைகளை ஒன்றோடொன்று கோர்த்து, அதில் என் கூறைச் சேலையைத் திரையாக மாட்டினாய். மூன்றாம் நாள் அது என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. தலையில் வீங்கினதைப் பார்க்காமல், "பட்டுன்னா பாரம் இருக்கும்ல" என்று சேலையைத்தான் நீ தூக்கிப் பார்த்தாய்.

இதெல்லாம் சில்லறைச் சேட்டை. என் மகள் ஈஸ்வரியைப் பெண் பார்க்க வந்த கதைதான் பெரிய கதை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அக்கா மகளும் அந்தப் பையனும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். நமக்குச் சம்மதம். பையனின் அம்மாவுக்கும் சம்மதம். பையனின் அப்பாவுக்கு மட்டும் மனசில்லை. மல்லாங்கிணற்றில் நிலபுலத்தோடு இருக்கிறவர், சிவகாசியில் வேன் ஓட்டுகிறவர் வீட்டில் பெண் எடுப்பதா என்று ஒரு இழுப்பு. "வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடி வருகிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஈஸ்வரி சோறு இறங்காமல் கிடந்தாள். வருகிற புதன்கிழமை வருகிறார்கள், நம் வீட்டுச் சுவரோ ஓதம் ஏறி, தேமல் வந்த முதுகாக நிற்கிறது. வெள்ளையடிக்க அந்த நேரம் தோதில்லை.

"தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? செலவே இல்லக்கா" என்றாய்.

ஆவணி மாசம், காலண்டர் சீசன். உன் கம்பெனியில் கலர் தள்ளிப்போன ஷீட்டுகள் மலையாகக் கிடந்தன. மேனேஜரிடம் கேட்டு ஒரு கட்டுச் சுமந்து வந்தாய். முதலில் அருவிப் படம், பூப் படம் என்றுதான் சொன்னாய். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் சாமி. "இந்த வருசம் இயற்கைக் காட்சிக்கு ஆர்டர் இல்லக்கா" என்றாய். முருகனுக்கு இரண்டு வரிசை உதடு. மகாலட்சுமியின் தாமரை அவளை விட்டு ஒரு விரற்கடை தள்ளிப் பூத்திருந்தது. "எட்ட நின்னு பாத்தா தெரியாது" என்று சொல்லி, ஒரு வாளிப் பசை காய்ச்சி, மூன்று நாள் ஒட்டினாய். ஓரம் பிசிறாமல், மடிப்பு விழாமல், துணி உருண்டையால் நீவி நீவி நீ ஒட்டின நேர்த்தியைச் சொல்ல வேண்டும். ஓதம் மறைந்தது. வீடு கோயிலாகிவிட்டது. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதையும் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதோடு விட்டாயா? பிளாஸ்டிக் சேர் போட்டால் அழகு கெட்டுவிடும் என்று, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருந்த சேர்களைத் திருப்பிக் கொடுத்தாய். பழைய சேலைகளை மெத்தையாகத் தைத்து, மிஷினில் விழுகிற பேப்பர் வெட்டுகளை உள்ளே திணித்துத் தரையில் போட்டாய். உட்கார்ந்தால் சரசர என்று சத்தம் வந்தது. "எந்திரிக்கவே மனசு வராது பாரு" என்றாய். அது மட்டும் பலித்தது.

புதன்கிழமை வந்தார்கள். பையனின் அப்பா நிலைக்கு வெளியே நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே வந்தார். சேரைத் தேடினார். சேர் இல்லை. அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள், மடக்க முடியாது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. நீதான் பாய்ந்துபோய்க் கையைப் பிடித்து மெத்தையில் இறக்கினாய். சரசர என்று உட்கார்ந்து காலை நீட்டினார்.

"ஐயய்யோ, மகாலட்சுமியைப் பாத்து காலை நீட்டுறீக!" என்று அவர் சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மனுஷன் பதறி அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே முருகன், இரண்டு வரிசை உதட்டோடு. இந்தப் பக்கம் திரும்பினார், மீனாட்சி. தெருவாசல் பக்கம் சாமி இல்லாத இடத்தில் அவருடைய சொந்த அக்கா உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்துக் காலை நீட்ட முடியுமா? மெத்தையோடு மெத்தையாக ஒரு சுற்றுச் சுற்றினார். சரசர, சரசர. பக்கத்து வீட்டுச் சேரை எடுக்க ஓடின என் வீட்டுக்காரர், அங்கே பூட்டுத் தொங்குகிறது என்று திரும்பி வந்தார். கடைசியில் அடுப்படி வாசல் ஒன்றுதான் சாமி இல்லாத திசை என்று நீதான் கண்டுபிடித்தாய். "அண்ணாச்சி, இங்கன நீட்டுங்க, இங்கன ஒண்ணுமில்ல" என்றாய். அவரும் நீட்டினார். வாசல் அடைத்துப்போனது.

அடுப்படிக்குள் ஈஸ்வரி காபித் தட்டோடு நிற்கிறாள். மாமனாராக வரப்போகிறவரின் காலைத் தாண்டி வருகிறதா? நான் கண்ணைக் காட்ட, அவள் புறவாசல் வழியாக இறங்கி, சந்துக்குள் புகுந்து, தெருவில் நடந்து முன்வாசலுக்கு வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் ஏழு தம்ளர், பின்னால் எங்கள் தெரு நாய் இரண்டு. காபி வந்து சேர்ந்தபோது ஆறிப்போயிருந்தது. பையன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். அவன் அப்பா சிரிக்கவில்லை. நான் சுட்ட அதிரசத்தில் ஒன்றைக் கடித்தார், அதை அப்படியே கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிவிட்டோம். "போயிட்டுத் தகவல் சொல்றோம்" என்றார். அந்தத் தகவல் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் ஆடினேன் பார் ஒரு ஆட்டம். ஈஸ்வரி அடுப்படி மூலையில் சத்தமில்லாமல் அழுகிறாள். நீ பசை வாளியைக் கழுவிக்கொண்டிருக்கிறாய். "எம்மக வாழ்க்கையைப் பசையைப் போட்டு ஒட்டிட்டியேலே! இனிமே என் வீட்டுப் படி ஏறாத!" என்று கத்தினேன்.

"சரிக்கா" என்றாய். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய்.

மூன்று நாள் நீ வரவில்லை. நானும் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. நாலாம் நாள் காலையில் மல்லாங்கிணற்றிலிருந்து போன் வந்தது. பையனின் அப்பாதான் பேசினார். "தங்கச்சி, அதிரசம் பிரமாதம். அம்புட்டுக் கைப்பக்குவம் உள்ள வீட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வச்சிருக்கணும். நல்ல நாள் பாப்போம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் நீ புறவாசல் வழியாகத் தலையை நீட்டினாய். "படி ஏறக் கூடாதுன்னுதான சொன்ன? இந்தப் பக்கம் படி கிடையாதுல்ல" என்றாய். உன் விரலெல்லாம் வெடித்திருந்தது, நகக்கண்ணில் கரி. "திரும்பவும் எந்த வீட்டைக் கெடுத்துட்டு வர்ற?" என்று கேட்டேன். நீ பல்லைக் காட்டினாய்.

அன்றிலிருந்து நீ போகிற வரைக்கும், எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பேத்தியின் காதுகுத்தில் சொன்னேன். தீபாவளிக்குத் தீபாவளி சொன்னேன். "இவன் கெடுத்த கல்யாணத்தை என் அதிரசம்தான் ஒப்பேத்துச்சு" என்று சபையில் வைத்து உன் மானத்தை வாங்கினேன். நீ, "ஆமா, எங்கக்கா அதிரசம்னா சும்மாவா?" என்று இன்னொன்றை எடுத்துக் கடித்துக்கொள்வாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சம்பந்தி வந்திருந்தார். சேர் போட்டிருந்தோம். எல்லாரும் எழுந்துபோன பிறகு என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அவரு சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு, அதனால இம்புட்டு நாளும் சொல்லல" என்று ஆரம்பித்தார்.

நான் கத்தின மறுநாள், விருதுநகரில் பஸ் மாறி நீ அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாய். "தப்பெல்லாம் எம்மேல அண்ணாச்சி. எங்கக்கா வேணாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்காம ஒட்டுனேன்" என்றாயாம். பொய்! ஊரைக் கூப்பிட்டுக் காட்டினவள் நான். அவர் உள்ளே போய்விட்டார். நீ சும்மா இருக்கத் தெரியாதவன் ஆயிற்றே. முற்றத்தில் கரியேறிக் கிடந்த அண்டாவைப் பார்த்து, அந்த அம்மாவிடம் புளியும் உப்பும் கேட்டு வாங்கித் தேய்க்க உட்கார்ந்துவிட்டாய். மறுநாளும் போனாய், குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு. மூன்றாம் நாள் அடுப்படிச் சுவரின் புகையைத் தேய்த்து இறக்கினாய். "ஒரு வேலைக்காரனைப் போல மூணு நாளா எங்க வீட்டைத் தேச்சாரு தங்கச்சி. இம்புட்டுப் பாசமான மாமன் இருக்கிற பொண்ணை வேணாம்னு எந்த வாயால சொல்ல? அன்னைக்கே சரின்னுட்டேன். 'எங்கக்காட்ட சொல்லிராதீக. தம்பி போயி அடுத்த வீட்டுல பாத்திரம் தேச்சான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. அதிரசம் நல்லாருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, ஒரு வருசத்துக்குப் பேசுவா'ன்னாரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்காத. அதிரசம் நெசத்துல கல்லு மாதிரி இருந்துச்சு. கடிக்க முடியாமத்தான் மடிச்சுக்கிட்டேன்" என்றார். பந்தலில் உட்கார்ந்து, உன் படத்துக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருசம் பேசுவேன் என்று கணக்குப் போட்டாய், நான் எத்தனையோ வருசம் பேசிவிட்டேன். படி ஏறாதே என்று உன்னிடம் சொன்னதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ அதற்குள் ஏதாவது ஒரு டப்பாவைத் திறந்து, இதில் பூந்தொட்டி செய்யலாம் என்று ஆரம்பித்திருப்பாய்.

இப்போது ஈஸ்வரி கல்யாணம் எப்படி அமைந்தது என்று யாராவது கேட்டால், அதிரசப் பேச்சை நான் எடுப்பதில்லை. "என் தம்பி மூணு நாள் அவுக வீட்டுல பாத்திரம் தேச்சு முடிச்ச கல்யாணம் இது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். போன வாரம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் சொன்னேன். நீ சொல்லக் கூடாது என்றாய், தெரியும். நீ சொன்னதை நான் என்றைக்குலே கேட்டிருக்கிறேன்?