பை மாட்டிய மரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அப்பாவின் முதுகுவலியும் அவரோடு சேர்ந்து வீட்டில் சௌக்கியமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட கையோடு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், இல்லையென்றால் தலை வெடித்துவிடும். வடக்குச் சரிவு தப்பித்துவிட்டதடி!

எங்கள் வேலை உனக்குத் தெரியும்தான். மலைக்காட்டில் ஒவ்வொரு சரிவிலும் கயிறு கட்டிச் சதுரம் பிடித்து உள்ளே எத்தனை வகைச் செடி, எத்தனை வகை மரம் என்று எண்ணுவோம். வகை அதிகமுள்ள சரிவுக்கும் அரிய மரம் நிற்கும் சரிவுக்கும் முதல் பாதுகாப்பு. அந்தக் கணக்கில் வடக்குச் சரிவு கடைசி இடத்துக்கு வந்ததால் புதுச் சாலையை அதன் வழியே விடுவதாக முடிவு. அது வெறும் காடு இல்லை என்று கூட்டத்தில் நான் கத்தியதற்கு எங்கள் அதிகாரி, "பாசம் வேற மேடம், கணக்கு வேற" என்று சிரித்தபடியே வாயை அடைத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை சாலைக்கு இடம் காட்டப் போனோம். மதியம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம், ஓடைப் பக்கம், நல்ல நிழல், பைகளை மாட்ட வாகாக ஒரு மரம், வருஷக்கணக்காக அதில்தான் மாட்டுகிறோம். பையை எடுக்கக் கை நீட்டினால் அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாக வெளிர்மஞ்சள் பூ! இத்தனை வருஷத்தில் அது பூத்து நாங்கள் பார்த்ததே இல்லை, இலையை வைத்து எங்கும் இருக்கும் சாதாரண மரம் என்று நினைத்திருந்தோம். பூவைப் பார்த்தால், இந்த மலையில் அற்றுப்போய்விட்டது என்று நாங்களே எழுதி வைத்த மரம். நான் போட்ட சத்தத்தில் பாம்பு என்று நினைத்து ஜீப் ஓட்டுநர் கம்போடு ஓடி வந்தார்.

இத்தனை நாள் ஏன் கண்ணில் படவில்லை தெரியுமா? மிதிபட்ட தரையில் எண்ணினால் கணக்கு தப்பும் என்று சாப்பிடும் இடத்தைச் சதுரத்துக்குள் சேர்ப்பதே இல்லை, அது எங்களுக்குள் எழுதாத சட்டம். ஆனால் நாங்கள் உட்காரத் தேடுவது நிழலும் ஈரமும், அந்த மரம் தேடுவதும் அதையேதான். ஆக ஒவ்வொரு சரிவிலும் நல்ல இடமாகப் பார்த்து விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணியிருக்கிறோம், சிரிப்பதா அழுவதா சொல்.

அதிகாரி நம்பவில்லை, மறுநாள் மூச்சு வாங்க அவரே ஏறி வந்தார். பூவைப் பார்த்தார், காலடியில் நாங்கள் மிதித்தது போக மிஞ்சிய ஒரே ஒரு கன்றையும் பார்த்தார், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாலை நிறுத்தம், எல்லாச் சரிவிலும் சாப்பாட்டு இடங்களை எண்ணிய பிறகுதான் அடுத்த பேச்சு என்று அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்போ நாம எங்க சாப்பிடறது என்று ஓட்டுநர் கேட்க, எல்லோரும் மொட்டைப் பாறையில் வெயிலில் நின்றபடி சாப்பிட்டோம்.

இப்போது உன்னிடம் ஒன்று. வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதம் உன்னோடு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டேன் அல்லவா, நான் வரவில்லையடி. காய் பழுக்க வேண்டும், விதை முளைக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு, உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் கஷ்டம்தான். நீ வா.

இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருங்கள். மலையேறத் தோதான ஷூவோடு வா, குதிகால் செருப்போடு வந்தால் ஜீப்பிலேயே உட்கார வைத்துவிடுவேன்.

இன்னும் வேலைக்குப் போகும்
உன் அம்மா