தீனிக்கு மேலே வராத மீன்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே மனிதர்கள் எல்லோரும் இருக்கிறோம், மீன்கள்தான் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் தம்பி பக்கத்திலேயே வந்து நிற்கிறான், அதனால் எழுதுகிறேன். மாடி வீட்டுத் தையல்காரி இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். என் எழுத்தைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

பெரிய குளம் மொத்தமும் போய்விட்டது. முதலில் வயிற்றில் சிவப்புப் புள்ளி, அப்புறம் அது புண்ணாகி, துடுப்பெல்லாம் நைந்து, மீன் மல்லாந்து மிதந்தது. உன் தம்பி வழக்கம்போல தன் மாமனாரின் மீன் மருந்துக் கடைக்கு ஓடினான். முன்பெல்லாம் அவர் கொடுத்த மருந்துக்கு நோய் கேட்டது, வருஷம் முழுக்க அதையே கொட்டிக் கொட்டி இப்போது கிருமிக்கு அது பழகிவிட்டது. நீ அன்றைக்கே சொன்னாய். அதற்கு அந்த மனுஷன் சொன்ன பதிலை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "மீன் குடல அறுக்கவா பொண்ணு அவ்வளவு தூரம் படிக்கப் போச்சு" என்றார், நீலக் கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்து நம் வீட்டுச் சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றுகொண்டே.

அவர் மருந்து தோற்ற பிறகுதான், நீ வேலை பார்க்கும் மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் இலையிலிருந்து பிரித்து அனுப்பிய எண்ணெய் உன் தம்பிக்கு ஞாபகம் வந்தது. அதுவரை அந்தக் கேன் கொட்டகையில் பழைய வலைக்கு அடியில் கிடந்தது. "நோய் வர்றதுக்கு முன்னாடியே தீனியில கலந்து குடுக்கணும்மா, படுத்த மீன் வாயத் தொறக்காது" என்று நீ சொன்னதை அவனிடம் அப்படியே சொன்னேன். "சும்மா இரும்மா" என்று கேனைக் கவிழ்த்துக் கலந்து வீசினான். ஒரு மீனும் தொடவில்லை. தீனி அடியில் கிடந்து அழுகி, தண்ணீர் கெட்டு, மிச்சம் இருந்ததும் மூச்சு முட்டிச் செத்தது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான், சாப்பிட வரவில்லை. எனக்கு அவன் மேல் கோபம்தான், ஆனாலும் அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. இப்போது மாமனாரும் மருமகனும் உன் எண்ணெய்தான் கொன்றது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

மிச்சம் தாய்மீன் தொட்டி ஒன்றுதான். அதுவும் போனால் குஞ்சுக்கு வழியில்லை, எவன் லாரியையாவது ஓட்டப் போகிறேன் என்கிறான் உன் தம்பி. கேன் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து அந்தத் தொட்டித் தீனியில் நான் கலந்து போட்டு வந்தேன். நேற்று வரை ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளித் தின்றன. இன்று காலை போட்டுவிட்டு நின்றேன். மேலே வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வாயில் வாங்கித் துப்பிவிட்டுக் கீழே போய்விட்டது.

வாய் வழியாக இல்லாமல் மிச்சமிருக்கும் எண்ணெயைக் கொடுக்க வழி உண்டா, தண்ணீரில் விடலாமா, எவ்வளவு விட்டால் மீன் தாங்கும், அதைச் சொல். வழி இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடு, எனக்காகச் சமாதானம் சொல்லாதே. தையல்காரி போனுக்குக் கூப்பிடு, தம்பி போனுக்கு வேண்டாம். பேத்திக்கு என் முத்தம். நீ தொட்டதெல்லாம் பிழைக்கட்டும் மகளே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தொட்டி ஓரத்தில் நிற்கும் உன் அம்மா.