கருநீலக் கொடியில் ஒரு கோவேறு கழுதை

என் பிரியமான அத்தாவுக்கு,

நீங்கள் போன பிறகு நம் ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மெட்ராஸ் இப்போது எல்லாப் பலகையிலும் சென்னை. லஸ் பக்கத்து சைக்கிள் கடையைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். நான் அதே அடையாறு பள்ளிக்கூடத்தில் அதே எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சௌக்கியம்.

ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்கள் பட்டாளத்துக் கொடியைப் பார்த்துவிட்டோம், அத்தா.

உங்களுக்கு ஒரு கொடி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. சண்டையில் என்ன செய்தீர்கள் என்று நாங்கள் கேட்டால் "கழுதை மேய்ச்சேன்" என்பீர்கள். அதற்கு மேல் கேட்டால் "மழை, ஒரே மழை" என்று சொல்லிவிட்டு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டப் போய்விடுவீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர், "மாமா துப்பாக்கி புடிச்சவரா, கழுதை புடிச்சவரா?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வெளியாட்களிடம் அம்மா "எங்க வீட்டுக்காரர் மிலிட்டரி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் பழைய ராணுவக் கொடிகளைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். வைத்தவர் வரதன் என்ற பல் டாக்டர். தி.நகரில் கிளினிக். பல வருடமாக இந்தக் கொடிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போகலாமா என்று பார்த்துவரக் கிளம்பினேன். வீட்டில் போரடிக்கிறது என்று அம்மாவும் கூடவே வந்தாள்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கருநீலப் பட்டுக் கொடி. ஓரம் கிழிந்து, ஒரு மூலையில் பழுப்பாய்ப் பெரிய கறை. நடுவில் மஞ்சள் நூலில் ஒரு மிருகத்தின் தலை. "குதிரைப்படைக் கொடி, படையின் பெயர் தெரியவில்லை" என்று கீழே அட்டை வைத்திருந்தார்கள்.

அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "குதிரைக்கு இவ்ளோ நீளக் காது ஏதுங்க?" என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி.

டாக்டர் எழுந்து வந்தார். அவருக்கும் அந்தக் காதில் சந்தேகம் இருந்திருக்கிறது. "நானும் ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருக்கேன்மா. கேக்கறதுக்குத்தான் ஆள் கிடைக்கலை" என்றார். மவுண்ட் ரோடில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது கிடைத்த கொடியாம். லண்டனில் இருந்து ஒரு சேகரிப்பாளர் வந்திருக்கிறார், குதிரைப்படைக் கொடி என்று ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன், அந்த வாரக் கடைசியில் எடுத்துப் போகிறார் என்றும் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் கோவேறு கழுதைப் பட்டாளத்துல இருந்தாரு" என்றாள் அம்மா. இத்தனை வருடத்தில் அதை அவள் ஒரு அந்நியரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. "அவரோட இருந்தவர் ஒருத்தர் இன்னும் இருக்காரு. அவரைக் கூட்டியாரேன். அதுவரைக்கும் குடுத்துடாதீங்க."

மறுநாள் காலை நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். பெருநாள் தவறாமல் வஞ்சிரம் மீனோடு நம் வீட்டுக்கு வரும் உங்கள் சிநேகிதர் செங்கல்வராயன் மாமா, படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இன்னாம்மா சொல்ற? நம்ம கொடியா? அது எங்கியோ மக்கிப் பூட்ச்சின்னு இல்ல நெனச்சிக்கினு கீறேன்" என்று உடனே சட்டையைத் தேடினார்.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். டாக்டர் பெட்டியைத் திறந்து கொடியை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்தார். மாமா அந்தக் கழுதைத் தலையைப் பார்க்கவில்லை. நேரே அந்தக் கறைமேல் கையை வைத்தார்.

"இது என் ரத்தம் சார்."

பிறகு அவர் சொன்னதை எல்லாம் நான் நின்றுகொண்டே கேட்டேன், அத்தா. சண்டை வந்ததும் இந்த ஊரில் திரட்டிய பட்டாளமாம். கோவேறு கழுதையைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அதில் இருந்தார்களாம். லாரி ஏறாத, குதிரையும் ஏறாத பர்மா எல்லை மலையில் குண்டும் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போவீர்களாம். திரும்பும்போது அடிபட்டவர்களை இறக்கிக்கொண்டு வருவீர்களாம்.

"கத்தினா எதிரிக்குத் தெரிஞ்சிடும்னு அதுங்க தொண்டைல குரல் நரம்ப மட்டும் அறுத்துட்டாங்க சார். அதுங்க வாயத் தொறக்கும், சத்தம் வராது. காதரு, இந்தப் பொண்ணோட நைனா, தன் கழுதையாண்ட நாள் பூரா பேசிக்கினே வருவான். அதுக்குப் பதிலா இவனே பதிலும் சொல்லிப்பான்."

அதற்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள், அத்தா? மாமாவுக்கு மறந்துவிட்டதாம்.

ஒருநாள் ஆற்றுவெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் அடிபட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மாமாவும் அதில் ஒருவர், தொடையில் குண்டு.

"மலை மேலேர்ந்து சுட்டுக்கினே கீறான். வுட்டுட்டு வாங்கடான்னான் தொரை. காதரு வுடல. கழுதை வாலப் புடிச்சிக்கினு தண்ணில எறங்கிட்டான். ஒருத்தன ஏத்திக்கினு வருவான், எறக்கி வுட்டுட்டுத் திரும்பப் போவான். கடைசி ஆளு வர்ற வரைக்கும் போய்க்கினே இருந்தான். இந்தாண்ட வந்தப்புறம் எனக்குக் குளுர்ல பல்லு கட்டிக்கிச்சு. மூட்டைல இருந்த கொடிய அவுத்து என் மேல சுத்திட்டான். தொரைக்குக் கோவம். கொடியப் போய் போத்துறியான்னு கத்தறான். இவன் அசையல. ஆளு இருந்தாத்தான் சாப் கொடின்னான்."

மாமா என் பக்கம் திரும்பினார். "உங்க நைனா இல்லாங்காட்டி நான் ஏது, என் புள்ளைங்க ஏது? சொல்லலாம்னு எத்தினி தபா வாயெடுத்தேன் தெரியுமா? வூட்ல பேசாதடான்னு கையப் புடிச்சிப்பான்."

ஏன் அத்தா பேசவிடவில்லை? திரும்பி வராதவர்களை நினைத்தா? எங்களிடம் சொன்னால் மறுபடி அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும் என்றா?

சண்டை முடிந்ததும் பட்டாளத்தைக் கலைத்துவிட்டார்கள். கழுதைகளை வேறு யாரோ ஓட்டிப் போனார்கள். உங்கள் எல்லோரையும் ஆளுக்கொரு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். பட்டாளமே இல்லாதபோது அதன் கொடியை எந்த மண்டபத்தில் மாட்டுவார்கள்? அந்தத் துரையின் வீட்டுப் பெட்டியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

டாக்டர் கொடியை மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் திரும்ப வைத்தார். பிறகு எங்கள் எதிரிலேயே லண்டன்காரர் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போன் செய்தார். இது குதிரைப்படைக் கொடி இல்லை என்றார். அந்த மனிதர் பரவாயில்லை, இப்போது அதன்மேல் ஆசை இன்னும் கூடிவிட்டது என்றாராம். "மன்னிச்சுக்குங்க. கொடியோட ஆளுங்க வந்துட்டாங்க" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லிப் போனை வைத்தார். வாக்குத் தவறியது அவருக்கு வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

புது அட்டை எழுதும்போது, பட்டாளத்தின் பெயரைக் கொஞ்சம் கௌரவமாக, மலைப் போக்குவரத்துப் படை என்று போடலாமா என்று அம்மாவைக் கேட்டார்.

"வேணாங்க. கோவேறு கழுதைப் பட்டாளம்னே எழுதுங்க. பக்கத்துல அவர் பேரையும் போடுங்க."

போட்டிருக்கிறார். கண்காட்சி முடிகிறவரை அம்மா தினமும் சாயங்காலம் போய் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அவளே கதை சொன்னாள். முழங்கால் வலியைப் பற்றி மூச்சுவிடவில்லை. என் எட்டாம் வகுப்பும் வந்தது. "மிஸ், உங்கப்பாவா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாம், எங்கப்பா" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் பட்டாளத்துச் சரித்திரத்தை நான் எழுதித் தந்தால் கொடியோடு வைக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடிபட்டவர்களை ஏற்றிவிட அக்கரையிலேயே நின்ற ஒருவர் பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம், காது மட்டும் கேட்காதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு அங்கே போகிறேன். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அவர் காட்டும் அடுத்த வீட்டுக்கும் போவேன். உங்களில் ஒருவர் பெயரும் விடுபடாமல் எழுதி முடிப்பேன், அத்தா. இது என் வாக்கு.

கோவேறு கழுதைப் பட்டாளத்து
காதர் மொய்தீனின் மூத்த மகள்,
ஜெரினா