அக்காவின் கையெழுத்து

கிங்ஸ்பரி
03.02.2025

அன்புள்ள தங்கச்சி பெனிற்றாவுக்கு,

நீயும் மகன் டெனுசனும் குளிருக்குள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இதே லண்டனுக்குள் வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிற தங்கச்சிக்குத் தபாலில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் கதைக்க ஏலாது, உன் அத்தான் எந்நேரமும் பக்கத்தில் நிற்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூட வேலை சரிவந்தது என்று சொன்னேன் அல்லவா, விசேட தேவையுள்ள பிள்ளைகளோடு இருக்கிற வேலை? பதினொரு வருஷம் கடையில் மரக்கறி அடுக்கினவளுக்குக் கிடைத்த வேலை. பிள்ளைகளோடு வேலை என்றால் பொலிஸ் பதிவைப் பார்த்து டிபிஎஸ் என்று ஒரு தாள் அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு அது வெறுமையாக வரும். எனக்கு வந்த தாளில் ஒரு வரி இருந்தது. 2021 ஒக்ரோபர் 14, பார்க் றோயலில் ஆளை அடித்தது, பொலிஸ் கோஷன், அதாவது கோட்டுக்குப் போகாமல் பொலிஸே பதிந்து வைக்கிற எச்சரிக்கை. என் பெயர், என் பிறந்த திகதி.

நான் ஆரைத் தங்கச்சி அடித்தேன்? தலைமை ஆசிரியை என்னை இருத்தி, தண்ணீர் தந்து, எழுத்தில் விளக்கம் தரச் சொன்னாள். ஈஸ்டர் விடுமுறை முடியும்வரை அந்த இடத்தை வைத்திருப்பாளாம். அவள் மரியாதையாகத்தான் கதைத்தாள்.

அந்தக் காலத்தில் என் பெயரில் பார்க் றோயலில் வேலை செய்தது யார் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். என்ன நடந்தது? ஒளிக்காமல் எழுது. தபால்காரன் வரும் நேரம் நானே கதவடியில் நிற்பேன்.

உன் அக்கா,
மேரிசாந்தி

•

09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு வாசித்தேன். டெனுசன் வந்து கதவைத் தட்டத் தட்ட, குழாயைத் திறந்துவிட்டு வாசித்து முடித்தேன்.

ஓம் அக்கா, நான்தான். அந்த சான்ட்விச் பக்டரியில் ஒரு சுப்பர்வைசர் இருந்தான். குளிர்அறைக்குள் நான் தனியாகப் போகிற நேரம் பார்த்துப் பின்னால் வருவான். இரண்டு தரம் விலத்திக்கொண்டு வந்தேன். மூன்றாம் தரம் கையில் இருந்த தட்டாலே முகத்துக்குப் போட்டேன். அவன் மூக்கால் ரத்தம் வந்தது. பொலிஸைக் கூப்பிட்டதும் அவன்தான்.

அப்போது எனக்கு விசா இல்லை. வேலை செய்யக்கூடாத ஆள், உங்கள் தேசிய காப்புறுதி நம்பரில் வேலைக்கு நிற்கிற ஆள். ஸ்ரேஷனில் கைரேகை எடுத்தார்கள், பெயர் கேட்டார்கள், உங்கள் பெயரைச் சொன்னேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரி என்றதும் விசாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வக்கீல் வேண்டுமா, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஆள் கூடக் கூடக் கேள்வியும் கூடும் என்று வேண்டாம் என்றேன். பிறகு ஒரு தாளை நீட்டி, அடித்ததை ஒப்புக்கொண்டால் கோட்டுக்குப் போகாமல் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அக்கா, அப்பாவை ஆமிக் காம்பில் பிடித்து வைத்தபோது என்ன செய்து வந்தார்? சிங்களத்தில் எழுதின தாளில் கையெழுத்து வைத்துத்தான் வந்தார். "வாசிச்சுக்கொண்டு நிண்டவன் எல்லாம் உள்ளுக்குத்தான்" என்று அவர் சொல்லுவது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நானும் வாசிக்கவில்லை. உங்கள் கையெழுத்தை வைத்தேன், நீங்கள் பழக்கின மாதிரியே.

உங்களுக்குச் சொல்லாமல் விட்டது பயத்தில். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். பெயர் எழுதவில்லை.

தங்கச்சி

•

கிங்ஸ்பரி
21.02.2025

அன்புள்ள பெனிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த நாயை நினைக்க வயிறு பற்றி எரிகிறது. உன்னை நினைத்தாலும் எரிகிறது. மூன்றரை வருஷம் ஞாயிறு தவறாமல் பூசையில் பக்கத்தில் இருந்தாயே, ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லையா?

வெம்பிளியில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லுகிற றஜீனா என்ற பிள்ளையிடம் போனேன். கோட்டில் தீர்ப்பான குற்றமென்றால் பதிவை எடுக்கச் சொல்லிக் கேட்க ஏலாதாம். கோஷன் என்றால் பொலிஸுக்கு விண்ணப்பிக்கலாமாம். அதற்குக் காரணம் காட்ட வேண்டும். "ஆள் மாறாட்டம் எண்டால் பலமான காரணம் அன்ரி. கைரேகை குடுங்கோ, அது நீங்கள் இல்லையெண்டு தெரிஞ்சிடும்" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் மழை விட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் என்னைப் போட்டு உலுப்பியது. நான் இல்லையென்றால் அந்தக் கைரேகை யாருடையது என்று பொலிஸ் தேடுமாம். நீ விசாவுக்குக் கொடுத்த ரேகை உள்நாட்டு அமைச்சில் இருக்கிறது. "உங்கட பேரும் நம்பரும் அந்த ஆளுக்கு எப்பிடிப் போனது? களவு போனதோ?" என்று கேட்டாள். களவு போனது என்றால் குற்றம் முழுக்க உன் தலையில். நான்தான் கொடுத்தேன் என்றால் எனக்கும் வழக்கு வருமாம். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

அந்த விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்திருக்கிறேன். மாதா சுரூபத்துக்குக் கீழே கிடக்கிறது. என்ன செய்ய, நீ சொல்லு.

அக்கா

•

02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

படிவத்தை நிரப்பாதேங்கோ. காலில் விழுந்து கேட்கிறேன்.

நானும் தேடிப் பார்த்தேன். பெரியவர்களுக்குக் கொடுத்த இப்படியான கோஷன், ஆறு வருஷம் கழிந்தால் டிபிஎஸ் தாளில் தானாகவே வராமல் போகுமாம். 2027 ஒக்ரோபர். அதற்கு முன்னம் அந்த வருஷத் தொடக்கத்தில் எனக்கு விசா கிடைத்து ஐந்து வருஷமாகும், நிரந்தர விசாவுக்குப் போடலாம். இரண்டரை வருஷம் பொறுத்தால் உங்கள் தாளும் வெறுமையாகும், நானும் டெனுசனும் தப்பிவிடுவோம்.

இப்போது கிளறினால் என்னைத் திருப்பி அனுப்புவார்களோ, உள்ளே போடுவார்களோ, தெரியாது. டெனுசனுக்கு அப்பாவும் இல்லை. நேற்றுக் கவுன்சில்காரன் கொதிகலன் பார்க்க வந்து கதவைத் தட்டினான். நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டேன். பிள்ளை கேட்கிறான், "அம்மா, ஆர் எங்களைத் தேடினம்?"

வேலை இன்னொன்று வரும் அக்கா.

தங்கச்சி

•

கிங்ஸ்பரி
16.03.2025

பெனிக்கு,

இன்னொன்று வரும் என்று எழுத உனக்குக் கை வந்ததே. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு எத்தனை வரும்? பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன அன்று, வாய் பேசாத ஒரு சின்னப் பெட்டை என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை விடவில்லை. அந்த இடம்தான் எனக்கு வேண்டும், வேறொன்று இல்லை.

ஆனாலும் படிவத்தை நான் நிரப்பவில்லை. அக்கா எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து அழாதே. எனக்குப் பயம், அதுதான் உண்மை. கையில் காசாக வாங்கிக்கொண்டு வேலை செய்கிறேன் என்று நீ சொன்னபோது, அதில் ஏமாற்றுவான்கள் என்று என் நம்பரை எழுதித் தந்தது நான். உன்னைக் குசினி மேசையில் இருத்தி, பூசைத் தாள்களின் பின்பக்கத்தில் என் கையெழுத்தைப் பழக்கினதும் நான். "இங்கிலீஷ் எம் எழுத்தைப் பெருசாப் போடு, வாலை இழுத்து விடு" என்று சொல்லிச் சிரித்தேனே. இதில் எதையும் பொலிஸுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. களவு போனது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு வரவில்லை என்று ஆசிரியைக்கு எழுதப்போகிறேன். அத்தானுக்கு முழங்கால் நோ என்று சொல்லுவேன். கொஞ்ச நாளைக்குப் பூசையில் என் பக்கத்தில் வந்து இராதே. எனக்குக் கோபம் ஆறவில்லை.

மேரிசாந்தி

•

வெஸ்ட் ஈலிங்
11.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று ஞாயிறு பூசையில் உங்களுக்குப் பின்னால் ஆறு வாங்கு தள்ளி இருந்தேன். முதல் இரண்டு ஞாயிறும் நீங்கள் திரும்பவில்லை. போன கிழமை ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் திரும்பினீர்கள், என்னைக் கண்டதும் பக்கத்து மனிசிக்குக் கைகொடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆசிரியைக்கு இன்னும் எழுதவில்லையென்றால் எழுதாதேங்கோ. எழுதியிருந்தால் உடனே போய் மறித்துச் சொல்லுங்கோ.

நான் றஜீனாவிடம் போனேன். ஒரே ஆள் இரண்டு பேருக்கும் நிற்க ஏலாது என்று வேறு ஒரு வக்கீலிடம் அனுப்பினாள். என்ன நடக்கலாம் என்று அவர் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். வழக்கு வரலாம், விசாவில் கை வைக்கலாம். அந்த சுப்பர்வைசர் செய்ததையும் எழுத வேண்டும் என்றார், அதையும் சொன்னேன். பயம் போகவில்லை அக்கா. இதை எழுதும்போதும் தெருவில் கார்க் கதவு அடித்தால் பேனை நிற்கிறது. எனக்கு ஏதும் நடந்தால் டெனுசன் உங்களிடம்தான். அவனுக்கு முட்டை மஞ்சள் கரு ஒத்துவராது.

வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. உங்கள் மேசை லாச்சியில் இருந்த கடிதத்தைப் பார்த்து நம்பரை எடுத்தேன், கையெழுத்தை நானே பார்த்துப் பழகினேன், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். வக்கீலுக்கும் இது தெரியாது. உங்களைக் கேட்டால் பேசாமல் இருங்கோ. குசினி மேசைக் கதை எங்கள் இரண்டு பேரோடும் போகட்டும்.

தட்டச்சு செய்த தாளைத் தந்து, "வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ, அவசரமில்லை" என்றார் வக்கீல். ஒரு மணித்தியாலம் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிறகு பேனையை எடுத்தால், கை தன்பாட்டில் உங்கள் பெயரின் பெரிய எம் எழுத்தைப் போட்டு வாலையும் இழுத்துவிட்டது. வக்கீல் என்னைப் பார்த்தார். தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

தாள் திங்கட்கிழமை பொலிஸுக்குப் போகிறது. மாதா சுரூபத்துக்குக் கீழே கிடக்கிற படிவத்தை எடுத்து நிரப்புங்கோ.

உங்கள் அன்புத் தங்கச்சி,
அந்தோனிப்பிள்ளை பெனிற்றா