முதுகுக்கு மார்க் இல்லை

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து தூறல். மூடுபனியில் கோத்தகிரி பஜாரே தெரியவில்லை. மாமாவின் ஸ்டுடியோவில் ஆறு பேருக்கு பாஸ்போர்ட் சைஸ் படம். வெட்டி உறையில் போட்டது நான். ஒரு பெரியவர் கம்பளிக் குல்லாவைக் கழற்றவே மாட்டேன் என்றார்.

"காது ரெண்டும் தெரியோணுங்க," மாமா.

"எங்காது எங்கயும் போவாதுங்க. குளுருது, நீங்க எடுங்க."

சிரிப்பை அடக்க உள்ளறைக்கு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் மாமா வீட்டில் வீடியோ கேம் விளையாட்டு. மாமா மகள் நஸ்ரின் அக்கா காலேஜ் லீவுக்கு வரும்போது கோவையிலிருந்து கொண்டுவந்தது. வண்டி தானாகக் காட்டுக்குள் போகும். வழியில் வருகிற விசித்திரப் பிராணிகளைப் படம் எடுக்க வேண்டும். அவை திரும்பப் பழம் வீசலாம்; சுடுவது, கொல்வது எதுவும் இல்லை. முடிந்ததும் கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்தி வந்து மார்க் போடுவாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் இவர்கள் விடமாட்டார்கள் போல.

இன்று எடுத்தது: பாசிமுதுகு. (நான் வைத்த பெயர். மாட்டளவு, உடம்பெல்லாம் பாசி.) மழையில் ஓடையைத் தாண்டி வந்துவிட்டு, குட்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தது. அதை வலது ஓரத்தில் வைத்தேன். குட்டி வரப்போகிற இடத்தை வெறுமையாக விட்டேன். தண்ணீர், மழை, அவ்வளவுதான். அந்த முதுகைப் பார்த்தாலே கவலை தெரியும்.

டீச்சர் சொன்னது: அளவு சிறிது. முகம் இல்லை. நடுவில் இல்லை. நாலாயிரத்துக்கு 1,140.

நடுவில் வைத்தால் குட்டி எங்கே வரும்? முட்டாள்.

ஆல்பத்தில் வைத்துவிட்டேன். ஒரு பிராணிக்கு ஒரு படம்தான் இடம்.

ஜூன் 12, வியாழன்

மழை. மதியம் வரை கரண்ட் இல்லை. அம்மாவின் சளிக்கு மாத்திரை. சாக்ஸ் காயவில்லை, மூன்றாவது நாள்.

மார்க் விஷயம் இன்னும் எரிகிறது. பாஸ்போர்ட் படத்துக்கும் அந்த டீச்சருக்கும் என்ன வித்தியாசம்? நேரே பார், நடுவில் நில், அசையாதே. ரேஷன் விண்ணப்பத்தில் ஒட்டவா பாசிமுதுகைப் படம் எடுத்தேன்?

ஜூன் 13, வெள்ளி

படம் போய்விட்டது.

மாமா ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் அவர் வீட்டுக்கு ஓடிப்போய் ஆல்பத்தைத் திறந்தேன். பாசிமுதுகு நேருக்கு நேர் முழிக்கிறது. நட்டநடுவில். மேலே, உச்ச மார்க்குக்குக் கிடைக்கிற வைர முத்திரை.

"உனக்காகத்தான்டி எடுத்தேன்," நஸ்ரின் அக்கா. "பழத்த மூஞ்சில வீசுனா டக்குனு திரும்பிரும். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்!"

"என்னோடது?"

"ஒரு எடம்தான? அது போயிருச்சு. வெறும் முதுகுதான, போனாப் போவுது."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட தலை.

சொல்லியிருக்க வேண்டியவை:
– என்னைக் கேட்டீர்களா?
– மூஞ்சியில் எறிந்தால் நானும்தான் திரும்புவேன்.
– என் கையெழுத்து அழகு என்று உங்கள் நோட்டைக் கிழித்துவிட்டு நான் எழுதி வைத்தால்?
– முதுகு என்றால் மட்டமா?

என்னிடம் போன் இருந்திருந்தால் திரையையே படம் பிடித்து வைத்திருப்பேன். வீட்டில் இருப்பது அம்மாவின் பட்டன் போன்.

ஞாயிறு காலை அவள் கோவைக்குப் போகிறாள். விளையாட்டும் போகும். அதற்குள் அதே படத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

எட்டு ரவுண்டு. ஐந்தில் மழையே இல்லை. இரண்டில் மழை உண்டு, குட்டி இல்லாததால் அது திரும்பவில்லை. ஒன்றில் எல்லாம் இருந்தது, சரியாக அப்போது மாமி, "ஏம்புள்ள, கறிவேப்பில வாங்கியாரச் சொன்னனே!" கை ஆடி, படத்தில் வால் மட்டும் விழுந்தது. வாலுக்கு 310. அந்த டீச்சருக்கு எதற்கும் ஒரு மார்க் உண்டு.

மாமா எட்டிப் பார்த்தார். "பொம்மைக்குப் போயி அழுவாங்களா?"

அழவில்லை. கோபத்திலும் கண்ணில் தண்ணீர் வரும். அது வேறு.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். அதிசயம். ஏழேகாலுக்கே மாமா வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ந. அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "குடுடி, மேட்டுப்பாளையம் பஸ்ஸ விட்டா அத்தா கத்துவாரு."

"ஒரே ரவுண்டுங்க்கா."

வந்தது. மழை, ஓடை, முதுகு, திரும்பிய கழுத்து. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டேன். இடது பக்கம் முழுக்கத் தண்ணீர்.

1,085. குறைத்திருக்கிறாள்!

பழைய படத்தை நீக்கிவிட்டு இதை வைக்கவா என்று திரை கேட்டது. ந. அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஏய், வேண்டாம்னு குடு. என் வைரம் போயிரும்."

"நீங்க என்னையக் கேக்காம அழிச்சீங்க." நான்தான் சொன்னேன், சத்தமாக. "நான் கேக்கறேன். அழிக்கட்டுங்களாக்கா?"

"வேண்டாங்கறேன்ல!"

கேட்டாகிவிட்டது. 'ஆம்' என்பதை அழுத்தினேன்.